மாமா பதில்கள்: ஜிர்க்கோனியம் ஸ்பெஷல்

கல்லூரி மாணவி, திருச்சி: ஜிர்க்கோனியம் அவ்வளவு அபூர்வமா மாமா?

புவியோட்டில் செம்பைவிட அதிகம் இருக்கிறது. ஒரு டன் பாறையில் சராசரியாக நூறு கிராமுக்கு மேல் தேறும். செம்புக்கு அண்டா, குண்டா என்று விளம்பரதாரர்கள் உண்டு. இதற்கு மாமா மட்டும்தான்.

சந்தேகப் பிராணி, சேலம்: பாறைக்குழம்பு ஆறும்போது இது ஏன் கடைசிவரை ஒதுங்கி நிற்கிறது?

ஒதுங்கவில்லை, ஒதுக்குகிறார்கள்! அதன் அயனிக்கு நான்கு நேர்மின்சுமை. ஒலிவின், ஃபெல்ட்ஸ்பார் படிகங்களில் அதற்குத் தோதான இடம் கிடையாது. அவை படிந்து விலக விலக, மிச்சக் குழம்பில் ஜிர்க்கோனியம் செறிந்துகொண்டே போகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சிலிக்காவைக் கைப்பிடித்து ஜிர்க்கான் என்று தனிக்குடித்தனம் போய்விடும்.

அவரே மறுபடியும்: சிலிக்கா கிடைக்காவிட்டால்?

பிராணியாரே, விடமாட்டீர் போல! சிலிக்கா பஞ்சமான குழம்பில் வெறும் ஆக்சைடாகவே படியும். பெயர் பேடலியைட். இலங்கையின் ரக்வானையிலிருந்து ஜோசஃப் பேடலி கொண்டுபோன கல்லை வைத்து 1892-இல் சூட்டிய பெயர்.

சோடியம் மிதமிஞ்சிய குழம்பில் கதையே வேறு. அங்கே ஜிர்க்கோனியம் சௌகரியமாகக் கரைந்து கிடக்கும். ஜிர்க்கானாகும் அவசரமே இல்லை. கடைசியில் சோடியம், கால்சியம், இரும்பு, குளோரின் என ஒரு பட்டாளத்தையே சேர்த்துக்கொண்டு யூடியலைட் ஆகும். கிரீன்லாந்தின் இலிமௌசாக், ரஷ்யாவின் லோவோசெரோ பாறைகளில் இது செக்கச்செவேலென்று கிடக்கிறது. யூடியலைட் அமிலத்தில் சுலபமாகக் கரையும். ஜிர்க்கானையோ ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் போட்டு, சூடும் அழுத்தமும் கொடுத்து, நாள்கணக்கில் கெஞ்ச வேண்டும்.

நகைப்பிரியை, தி.நகர்: அமெரிக்கன் டைமண்டும் ஜிர்க்கானும் ஒன்றா?

இல்லை தாயே. அது ஆலையில் உருக்கி வளர்க்கும் கியூபிக் ஜிர்க்கோனியா. 1970-களில் சோவியத் விஞ்ஞானிகள் கைவசப்படுத்திய வித்தை. ஜிர்க்கான், பூமி பெற்ற சிலிக்கேட். லென்ஸ் வைத்து, கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்: பின்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால் ஜிர்க்கான். அமெரிக்கன் டைமண்டில் ஒற்றைதான். பில்லைப் பார்த்தால் இன்னும் தெளிவு.

போட்டித் தேர்வர், மதுரை: ஹாஃப்னியம் ஏன் இத்தனை தாமதமாகச் சிக்கியது?

இலங்கைக் கல்லில் 1789-இல் கிளாப்ரோத் ஜிர்க்கோனியத்தைக் கண்டார். அதே கனிமத்துக்குள் ஒளிந்திருந்த ஹாஃப்னியத்தைப் பிடிக்க 1923 ஆயிற்று. கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் நிறமாலையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டின் அயனிகளுக்கும் சுமையும் உருவளவும் அச்சு அசல். பூமியே பிரித்துப் பார்க்காதபோது வேதியியலார் மட்டும் என்ன செய்வார்கள்?

அணு உலைக்காரர்கள் மட்டும் பிரித்தே தீருவார்கள். ஜிர்க்கோனியம் நியூட்ரானுக்கு வழிவிடும், ஹாஃப்னியம் விழுங்கிவிடும். தூத்துக்குடி பக்கம் பழையகாயலில் இதற்கென்றே ஆலை உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சை: ஜிர்க்கானை வைத்து வயது சொல்வது எப்படி?

அது வளரும்போது யுரேனியத்துக்கு அனுமதி, ஈயத்துக்குத் தடை. ஆகவே பிற்பாடு உள்ளே ஈயம் இருந்தால், அது யுரேனியம் சிதைந்து வந்தது. சிதையும் வேகம் தெரியும், கணக்குப் போட வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் ஜிர்க்கானுக்கு 440 கோடி வயது. அது பதிந்திருக்கும் பாறைக்கோ சுமார் 300 கோடிதான்! பழைய பாறை அரைபட்டது, படிகம் அசையவில்லை. வாத்தியாருக்கு ஓய்வு உண்டு, ஜிர்க்கானுக்கு இல்லை.

சுற்றுலாப் பயணி, நாகர்கோவில்: மணவாளக்குறிச்சி மணலில் ஜிர்க்கான் எப்படி வந்தது?

மலைப்பாறைகள் மக்கின, ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாயிற்று. ஜிர்க்கான் மசியவில்லை. அடர்த்தி 4.6, குவார்ட்ஸைவிட எடை கூடியது. அலை லேசானதை அள்ளிப் போக, கனமானது கரையிலேயே தங்கியது. செருப்பை உதறிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

புது வீட்டுக்காரர், கோவை: என் சமையல் மேடை கிரானைட்டில் ஜிர்க்கான் இருக்குமா? பெயர்த்து விற்கலாமா?

உங்கள் மேடை கறுப்பா? கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பாதிக்கு மேல் கிரானைட்டே இல்லை, டோலரைட் வகையறா. அதில் ஜிர்க்கானைவிடப் பேடலியைட்டைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். அப்பாறைகளின் வயதை அதை வைத்தே கணிக்கிறார்கள். படிகம் தலைமுடி தடிமன்தான். மேடை முழுவதையும் அரைத்தாலும் டீச் செலவுக்குத் தேறாது. வீட்டுக்காரம்மா கேட்டால் மாமா பெயரை இழுக்காதீர்கள்.