குழு கூடும்வரை பொறுத்திருங்கள்

ஐரோப்பாவில் ஒரு நோயாளி சாவதென்றாலும் நெறிமுறைப்படிதான் சாகவேண்டும். அதில் அவர்கள் கறார்.

1999-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை ரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கினால், அபாயம் மிகுந்த நோயாளிகளிடம் சாவும் மாரடைப்பும் 34 சதவீதத்திலிருந்து 3.4-க்கு இறங்கிவிடுமாம். பத்தில் ஒன்று! ஆராயப்பட்டவர்கள் 112 பேர். ஒரு கல்யாணப் பந்திக்கு உட்காரும் கூட்டம்.

ஆய்வை நடத்தியவர் டான் போல்டர்மான்ஸ். ஆபரேஷன் நோயாளிகளின் இதயத்தைக் காப்பது எப்படி என்று 2009-ல் ஐரோப்பிய இதயவியல் கழகம் நெறிமுறை வெளியிட்டது; அதுவும் இந்த மாத்திரையைத் தொடங்கச் சொன்னது. எழுதிய குழுவுக்குத் தலைவர் யார்? அவரேதான். பரீட்சை எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தால் மார்க்கா குறையும்?

இத்தனைக்கும் 2008-லேயே பாய்ஸ் என்ற ஆய்வு வந்துவிட்டது. 8,351 பேர். பாதிப் பேருக்கு மெட்டோபிரோலால் என்ற பீட்டா பிளாக்கர், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது, பக்கவாதம் இரட்டிப்பானது, சாவு 2.3-லிருந்து 3.1 சதவீதமானது. கத்தி பட்ட உடம்பில் ரத்தம் குறையும்போது இதயம் ஓடித்தான் ஈடுகட்டும். அந்த நேரத்தில் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தால் ரத்த அழுத்தம் விழும், மூளை தவிக்கும். மாரடைப்பு வராமல் காப்பாற்றி ஆளை அனுப்பிவைத்தது மருந்து.

"அளவு அதிகம், ஆபரேஷனன்றே தொடங்கியது தப்பு" என்று பெரியவர்கள் விளக்கினார்கள். இருக்கலாம். ஆனால் அந்த விளக்கம் சாய்ந்து நின்றதே ராட்டர்டாம் தூணில்தான்.

2011 நவம்பரில் தூண் சரிந்தது. நோயாளிகளின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லை, கற்பனைத் தரவுகள் என்று சொல்லி ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையம் போல்டர்மான்ஸை வேலையைவிட்டு நீக்கியது. வேண்டுமென்று செய்யவில்லை என்றார் அவர்.

உடனே நெறிமுறையை மாற்றினார்களா? ஐயா, அவசரப்படலாமா! குழு கூட வேண்டும், தேதி குறிக்க வேண்டும், காபி ஆறுவதற்குள் குடிக்க வேண்டும். 2013-ல், சந்தேகத்துக்குரிய ஆய்வுகளை ஒதுக்கிவிட்டு மீதியைக் கூட்டிப் பார்த்தவர்கள், புதிதாக மாத்திரை தொடங்கினால் சாவு 27 சதவீதம் கூடுகிறது என்றார்கள். 'வழக்கமாகத் தொடங்க வேண்டாம், ஆளைப் பார்த்து முடிவெடுங்கள்' என்று ஓர் அறிக்கை வந்தது. நெறிமுறை முழுதாகத் திருந்தியது 2014 ஆகஸ்டில். தூண் சரிந்து 33 மாதம்.

அதே வருஷம் ஜனவரியில், ஐந்தாண்டில் ஐரோப்பாவில் எட்டு லட்சம் பேர்வரை அந்தப் பழைய நெறிமுறையால் செத்திருக்கலாம் என்று கணக்குப் போட்ட ஒரு கட்டுரை கழகத்தின் சொந்த இதழிலேயே இணையத்தில் வெளியாகி, சில மணி நேரத்துக்குள் காணாமல் போனது. முறைப்படி மதிப்பீடு நடக்கவில்லையாம். கணக்கு மிகையாகவே இருக்கட்டும். இரண்டு வருஷம் நத்தையாக ஊர்ந்தவர்களுக்கு அன்று மட்டும் எங்கிருந்து வந்தது அந்த வேகம்?

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷன் வருகிறதென்று தாமாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயம் தறிகெட்டு ஓடும். அதுவும் உயிருக்கு ஆபத்து. ஆபரேஷனுக்கு முந்தின நாள் புதிதாக எழுதிக் கொடுத்தால், எதற்கு என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.