கைதட்டும் சார்

ஒலியியல் பேராசிரியரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமக்களைப் பார்க்கமாட்டார். அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். படீரென்று ஒரே ஒரு தடவை கைதட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். "மூணு செகண்டு. உருப்படாது" என்பார். மண்டபத்தைத்தான் சொல்கிறார். பெண் வீட்டார் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு வாய்த்தவரும் அந்த ஜாதிதான். ஜூனில் முதல் வகுப்பென்றால் ஹார்வர்டின் வாலஸ் சபைன் கதை, வருஷம் தவறாது. 1895-இல் அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசிய சொல் அடங்க 5.5 விநாடி ஆனதாம். அதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்து மேலே விழும். சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவந்து பரப்பி, மெத்தை எவ்வளவு ஒலியைக் குடிக்கிறது என்று அளந்தார். அந்தக் கணக்கை நம்பித்தான் 1900-இல் பாஸ்டன் சிம்பொனி ஹாலைத் திறந்தார்கள்.

சார் இதை உருகி உருகிச் சொல்வார். கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது. உயரமான கூரை, வெறும் சிமெண்டுச் சுவர், தலைக்கு மேலே கடகடக்கும் நாலு ஃபேன். நான் கடைசி பெஞ்சுக்காரன். என் நோட்டில் அந்த விஞ்ஞானியின் பெயர் 'சபையில்'.

ஆராய்ச்சிக்குப் பலூன் போதும். படாரென்று உடைத்து, சத்தம் 60 டெசிபல் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் எதிர்முழக்க நேரம் கிடைத்துவிடும். உலகெங்கும் செய்வதுதான். ஆனால் பலூன் பில்லைத் தணிக்கையில் விடுவார்களா? "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டுத் திருப்பினார்கள். சார் மூன்று பக்கம் விளக்கம் எழுதினார். "சரி, உடைந்த பலூன்களை இருப்புப் பதிவேட்டில் காட்டவும்" என்று பதில் வந்தது.

டிசம்பர் வந்தால் சபா. சி. வி. ராமன் மிருதங்கத்தை ஆராய்ந்தவர்; வலந்தலையில் அப்பிய கரணைதான் அதன் மேற்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று காட்டியவர். இதைப் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்ல சார் தேர்ந்தெடுக்கும் நேரம், தனியாவர்த்தனம். அவர் "ஷ்!" என்பார். "ஷ்-க்குன்னு தனி அதிர்வெண் கிடையாது சார், எல்லாம் கலந்த இரைச்சல்" என்று அதையும் விளக்குவார்.

வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அம்மா கேட்டால் மட்டும் தெரியாது. சுருதி தெரியும்.

எங்கள் வகுப்பறைக்கு மெத்தையும் திரையும் கேட்டு ஜூனிலேயே கடிதம் போட்டிருந்தார். ஏப்ரலில், தேர்வெல்லாம் முடிந்தபின் பதில் வந்தது: மெத்தை விடுதிக்கு மட்டுமே வழங்கப்படும். திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சார் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கடைசி பெஞ்சுக்கு அதுவும் கேட்கவில்லை.