மாமாவைக் கேளுங்கள்: மூதவை ஸ்பெஷல்

இலங்கைக்கும் மேல்சபை இருந்ததாமே மாமா? என் பேரன் நம்ப மாட்டேன் என்கிறான். (கலஹா)

இருந்தது. 1947 முதல் 1971 வரை. செனற் சபை என்பார்கள், மூதவை என்பார்கள். கொழும்புக் கோட்டையில் வெளிவிவகார அமைச்சு இருக்கிறதே, அந்தக் கட்டடத்தில்தான் கூடியது. கூட்டிக்கொண்டு போய்த் தூண்களைக் காட்டுங்கள், நம்புவான்.

எனக்கு வயது 34. அந்தக் காலத்தில் செனற்றர் ஆகியிருப்பேனா? (கட்டுகஸ்தோட்டை)

35 ஆக வேண்டும். ஒரு வருஷம் பொறுங்கள். சபைதான் பொறுக்காமல் போய்விட்டது.

மொத்தம் எத்தனை பேர்? யார் தெரிந்தெடுத்தது? (கம்பளை)

30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்ற 15 பேரைப் பிரதமர் சொல்ல, மகாதேசாதிபதி நியமித்தார். ஆறு வருஷப் பதவி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் இறங்குவார்கள். ஏற்பாடு அழகுதான். ஆனால் யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரே காவலாளியை நியமித்தார். அங்கேதான் கதை கெட்டது.

ஹந்தானைக்கும் மூதவைக்கும் ஏதாவது முடிச்சு உண்டா? (பேராதனை)

மலையடிவாரத்திலேயே இருக்கிறது. டி. எஸ். சேனநாயக்கவுக்கு அரசியலமைப்பு விஷயத்தில் வலக்கையாக இருந்த சேர் ஐவர் ஜெனிங்ஸ்தான் உங்கள் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர். அவருக்கு அடுத்து வந்த சேர் நிக்கலஸ் ஆட்டிகல, உபவேந்தர் கதிரையிலும் செனற் தலைவர் கதிரையிலும் ஒரே காலத்தில் அமர்ந்தவர். பகலில் பெரியவர்கள், மிச்ச நேரத்தில் மாணவர்கள். இரும்பு மனிதர்!

சிறுபான்மையினரைக் காக்கத்தானே மூதவை? 1948இல் எங்கள் தாத்தாவின் பிரஜாவுரிமை போனபோது அந்தப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? (ஹந்தானைத் தோட்டம்)

நிறைவேற்றி அனுப்பினார்கள், மகளே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வாசலைத் தாண்டித்தான் வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டமும் அப்படியே. எஸ். நடேசன் போன்றவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். பேச்சுக்குக் குறைவில்லை, எண்ணிக்கைதான் இல்லை. பணச் சட்டமூலத்தை ஒரு மாதம் தாமதிக்கலாம். மற்றவற்றைக் கீழ்ச்சபை இரண்டு கூட்டத்தொடரில் நிறைவேற்றினால் மூதவை தடுக்க முடியாது. பிரேக் இருந்தது, பிடிக்கவில்லை. உங்கள் தாத்தா பறித்த கொழுந்துக்கு இந்த நாட்டில் இருந்த மதிப்பு அவருக்கு இருக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இரத்தம் கொதிக்கிறது.

தேர்தலில் நிற்காமலே பிரதமராக முடியுமா? (மாத்தளை)

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆனார். உலகின் முதல் பெண் பிரதமர். பாராளுமன்றத்துக்குள் வந்தது மூதவை வழியாக. 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி அந்த மூதவை ஒழிந்தபோது பிரதமர் யார்? அதே அம்மையார். ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்றால் இதுதான்.

கடைசித் தலைவர் எங்கள் ஊர்க்காரராமே? (வத்தேகம)

ஆமாம், ஏ. ரத்நாயக்க. முன்பு உங்கள் தொகுதி எம்.பி. கதவைச் சாத்தும் வேலை கண்டி மாவட்டத்துக்கு வாய்த்தது.

தமிழ்நாட்டிலும் மூடிவிட்டார்களே? (தெல்தோட்டை)

1986இல் எம்.ஜி.ஆர். மூடினார். மூடுவதில் நாங்கள் 15 வருஷம் சீனியர்.

இத்தனூண்டு தீவுக்கு இரண்டு சபை எதற்கு? வீண் செலவு! (கண்டி)

பார்படோஸின் மொத்தச் சனத்தொகை 3 இலட்சத்தைத் தொடாது. அங்கே 21 பேர் கொண்ட செனற் நடக்கிறது. அதில் 7 பேர் நாட்டுத் தலைவரின் சொந்தத் தெரிவு, பிரதமர் கை வைக்க முடியாது. தீவின் நீள அகலத்தை விடுங்கள் ஐயா, ஆளை அனுப்புவது யார் என்று பாருங்கள்.

திரும்பி வருமா மாமா? (ஹந்தானை)

2017 செப்டெம்பரில் அரசியலமைப்புச் சபையின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் சபையைப் பேசியது. 9 மாகாண சபைகளிலிருந்தும் ஐந்தைந்து பேர், பாராளுமன்றத்திலிருந்து 10 பேர். மாகாணம் அனுப்பும் ஆள் கொழும்புக்குத் தலையாட்டத் தேவையில்லை. அதனால் என் இரண்டு கையும் மேலே. எங்கள் ஐந்து பேரில் ஒருவராவது லயத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும், இதில் பேரமே கிடையாது. ஆனால் மத்திய மாகாண சபைக்கு நாம் வாக்குப் போட்டது 2013இல், அதன் காலம் முடிந்தது 2018இல். முதலில் அந்தத் தேர்தலை வையுங்கள், ஐந்து பேரை நாங்கள் அனுப்புகிறோம்.