கட்டியா, புழுவா?

வாசகி, கான்சாபுரம்.

கேள்வி: வலிப்பு வந்தவருக்கு 'மூளையில் டி.பி. கட்டி' என்றார்கள். பிறகு 'புழு' என்கிறார்கள். இப்படியுமா குழம்பும்?

பதில்: குழம்பும். ஸ்கேனில் இரண்டுமே சின்ன வளையமாகத் தெரியும். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் முன்பு பலருக்கும் மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். தானாகவே மறையக்கூடிய கட்டி மறைந்தது; பெயரைத் தட்டிச் சென்றது மாத்திரை! வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அத்தகைய கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். பலவற்றின் உள்ளே இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு என்று 1989-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதி, கணிப்பையே திருத்தினார்கள்.

'நாங்கள் சுத்த சைவம்' என்பவர்களையும் இது விடாது. புழுவின் முட்டை கழுவாத கீரையிலும் கழுவாத கையிலும் ஏறி வரும். சோப்புக்குச் சிக்கனம் பார்க்காதீர்கள். டாக்டர் சொல்லாமல் வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.