ஒரு நாற்காலி, ஏழு பேர்

23ஆம் நூற்றாண்டில் பசி கிடையாது, பணம் கிடையாது, நிறம் பார்த்துப் பழகும் புத்தி கிடையாது. அமெரிக்கக் கேப்டன், ஆப்பிரிக்கப் பெண் அதிகாரி, ஆசிய மாலுமி, ஸ்காட்லாந்து இன்ஜினியர், ரஷ்ய வாலிபன், கூர்க்காது வைத்த வேற்றுக்கிரகவாசி எல்லோரும் ஒரே கப்பலில் ஏறி, ஒருவரையொருவர் மதித்து அண்டவெளியைச் சுற்றி வருவார்கள். 1966 செப்டம்பர் 8 முதல் என்.பி.சி. தொலைக்காட்சி ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற பெயரில் அமெரிக்கர்களுக்குக் காட்டிய எதிர்காலம் இது. டைரக்டர் ‘கட்’ சொன்னதும் மேற்படி மகான்கள் அனைவரும் 20ஆம் நூற்றாண்டுக்கு இறங்கி வந்து, யாருக்கு எத்தனை வரி வசனம் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

இதைத் துப்பறிய யாரும் சிரமப்படவில்லை. அவர்களே எழுதி, அட்டை போட்டு, விலைக்கு விற்றார்கள். கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் 1993இல் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டே சூலுவாக வந்த ஜார்ஜ் டக்கேயும், உஹுராவாக வந்த நிக்கெல் நிக்கோல்ஸும் ஆளுக்கொரு புத்தகத்தோடு வந்து நின்றார்கள். 1995இல் ஸ்பாக், அதாவது லெனர்ட் நிமாய். 1996இல் ஸ்காட்டி ஜேம்ஸ் டூஹன். அப்புறம் செகோவ் வால்ட்டர் கோனிக். 1990கள் முடிவதற்குள் கப்பலில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் பேனாவைத் தூக்கிவிட்டார்கள். கப்பல் ஒன்று, பயணம் ஒன்று, புத்தகம் மட்டும் ஆறு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கேப்டன் அதன் ஆசிரியர்தான். ஊர் வதந்தி என்று சொல்வதெல்லாம் இந்த ஆறு வாக்குமூலங்களும் ஒத்துப்போகாத இடங்களில் முளைத்தவை.

முதல் வதந்தி தொடருக்கு முன்பே பிறந்துவிட்டது. 1964 கடைசியில் எடுத்த மாதிரிப் படத்தில் கிர்க்கே கிடையாது. ஜெஃப்ரி ஹன்ட்டர் கேப்டன். அவருக்கு அடுத்த பதவியில் மேஜல் பாரட் என்ற நடிகை. என்.பி.சி. அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொன்ன காரணம், ஒரு பெண் உத்தரவு போடுவதை அந்தக் காலத்து டி.வி. முதலாளிகளால் ஜீரணிக்க முடியவில்லை என்பது. கைதட்டல் பிரமாதமாக விழுந்தது. கூட வேலை பார்த்த தயாரிப்பாளர்கள் எழுதியது வேறு மாதிரி. பெண் உத்தரவு போடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அந்தப் பெண் ராடன்பெரியின் காதலி என்பதில்தான் ஆட்சேபம். அவருக்கு அப்போது வீட்டில் வேறு மனைவி இருந்தார். மனுஷன் அசரவில்லை. பாரட்டுக்குப் பொன்னிற விக் மாட்டி, நர்ஸ் சாப்பல் என்று பெயர் சூட்டி, பின்வாசல் வழியாக ஏற்றிவிட்டார். 1969இல் ஜப்பானில் வைத்துத் தாலியும், அதாவது அந்த ஊர் வழக்கப்படி ஷின்டோ சடங்கும், முடிந்தது. கப்பலில் பதவி இறங்கினாலும் கம்பெனியில் பதவி உயர்ந்தது.

என்.பி.சி.க்கு இன்னொரு பயம் ஸ்பாக்கின் காது. சாத்தான் மாதிரி இருக்கிறது, பக்திமான்கள் டி.வி.யை அணைத்துவிடுவார்கள் என்று நடுங்கி, விளம்பரக் கையேட்டுப் படத்தில் காதின் கூரை மழித்துவிட்டார்கள். தொடர் வந்தது. பக்திமான்கள் முதலாக அத்தனை பேரும் அந்தக் காதுக்குத்தான் கடிதம் எழுதினார்கள்.

இங்கேதான் வினை. கேப்டனுக்கு எபிசோடுக்கு 5,000 டாலர் சம்பளம். காதுக்காரருக்கு 1,250. ரசிகர் கடித மூட்டையோ காதுக்காரருக்குப் பெரியது. நிமாய் சம்பள உயர்வு கேட்டார். ஸ்டூடியோ உடனே வேறு எந்தெந்த நடிகருக்குக் காது ஒட்டலாம் என்று பட்டியல் போட உட்கார்ந்தது. கடைசியில் 2,500க்குப் பேசி முடித்தார்கள். இந்தப் பக்கம் கேப்டன் புகைந்துகொண்டிருந்தார். கதாநாயகன் நானா, அந்த ஆளா? பஞ்சாயத்து முற்றி 1967இல் ராடன்பெரி ஆலோசனை கேட்டு எழுதியது யாருக்கு? அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவுக்கு! ரோபோக்களுக்கு விதிமுறை வகுத்தவர் நடிகர்களுக்கும் வகுக்கமாட்டாரா என்ற நம்பிக்கை. அசிமோவ் சொன்ன யோசனை எளிமையானது. இருவரையும் ஒன்றாகவே ஆபத்தில் மாட்டிவிடு, ஒருவர் உயிரை இன்னொருவர் காப்பாற்றட்டும், ஒருவரை நினைத்தால் மற்றவரும் நினைவுக்கு வரவேண்டும். உலகம் உருகி உருகி ரசிக்கும் கிர்க்–ஸ்பாக் நட்பின் பின்னால் இப்படி ஒரு சம்பளத் தகராறும் உண்டு.

திரையில் நட்பு வளர்ந்த அதே நாட்களில் திரைக்கு வெளியே சைக்கிள் விவகாரம். மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்த இடைவேளை கொஞ்சம். ஸ்டூடியோ கேன்டீனோ தூரம். பந்திக்கு முந்து என்ற தத்துவத்தை ஸ்பாக்கின் வல்கன் கிரகத்து அறிவோடு ஆராய்ந்த நிமாய், ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் வியர்க்க வியர்க்க நடந்து போவதற்குள் கூர்க்காதோடு ஒருவர் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருப்பார். ஷாட்னருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் நிமாய் வந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம். அண்ணாந்து பார்த்தால் படப்பிடிப்புத் தளத்தின் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. இன்னொரு முறை அது ஷாட்னரின் அறைக்குள் பத்திரமாக இருந்தது. காவலுக்கு அவருடைய டாபர்மேன் நாய். இந்தக் கதையை இருவருமே பல மேடைகளில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பு உண்மை. சைக்கிள் தொங்கிய அன்று நிமாய் சிரித்தாரா என்பது வேறு விஷயம்.

மற்ற நால்வரும் சிரிக்கவில்லை. அவர்களுடைய புகார் சைக்கிளைப் பற்றியது அல்ல, வசனத்தைப் பற்றியது. ஸ்கிரிப்ட் வந்ததும் கேப்டன் வரிகளை எண்ணுவார், நம் வாயில் இருக்கும் வரி மறுநாள் அவர் வாயில் இருக்கும் என்று நால்வரும் சொன்னார்கள். தன் நினைவுக் குறிப்புப் புத்தகத்துக்காக ஷாட்னர் டேப்ரிக்கார்டரோடு நிக்கோல்ஸைப் பார்க்கப் போனபோது, பழைய கதையெல்லாம் பேசி முடித்த அம்மணி, கிளம்ப எழுந்தவரை உட்காரச் சொல்லி, உன்னை எங்களுக்கு ஏன் பிடிக்காது என்பதையும் கேட்டுவிட்டுப் போ என்று ஆரம்பித்தார். ஷாட்னர் ஆடிப்போனதாக அவரே எழுதுகிறார். எல்லோருக்கும் தெரிந்த செய்தி கேப்டனுக்குக் கால் நூற்றாண்டு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. டூஹனோ பேட்டி தரவே மறுத்துவிட்டார். அவர் 1944இல் நார்மண்டிக் கரையில் இறங்கிச் சண்டை போட்டு, நடுவிரலைப் பறிகொடுத்து வந்தவர். ஒரு டேப்ரிக்கார்டருக்குப் பயப்படவா போகிறார்?

நிக்கோல்ஸிடம் இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. முதல் சீசன் முடிந்ததும் போதும் என்று ராடன்பெரியிடம் ராஜினாமா கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் ஒரு நிகழ்ச்சிக்குப் போன இடத்தில், உங்கள் பெரிய ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்றார்கள். திரும்பினால் மார்ட்டின் லூதர் கிங். போகக்கூடாது, கறுப்பின மக்களை உலகம் முதல்முறையாகச் சமமாகப் பார்க்கிறது என்றாராம். அம்மணி திங்கட்கிழமை ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கிங் சொன்னது நடக்கவும் செய்தது. உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் என்ற சிறுமி 1992இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். வசனத்தைப் பிடுங்கலாம், இதைப் பிடுங்க எந்தக் கேப்டனாலும் முடியாது.

ஆனால் நியாயம் நியாயம்தான். 1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான எபிசோடில் கிர்க்கும் உஹுராவும் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும். தெற்கத்தி மாநிலங்கள் கொந்தளிக்கும் என்று என்.பி.சி. பயந்து, முத்தம் இல்லாமலும் ஒரு டேக் எடுக்கச் சொன்னது. அந்த டேக்கில் ஷாட்னர் கேமராவைப் பார்த்து மாறுகண் போட்டார். படம் உபயோகத்துக்கு லாயக்கில்லாமல் போய், முத்தமே ஒளிபரப்பானது. அமெரிக்க டி.வி.யின் முதல் கறுப்பு–வெள்ளை முத்தம் அது என்பது மிகைதான். முந்தைய ஆண்டே சாமி டேவிஸ் ஜூனியரும் நான்சி சினாட்ராவும் கன்னத்தளவில் முந்திக்கொண்டார்கள். ஆனால் மாறுகண்ணால் சரித்திரம் படைத்தவர் ஷாட்னர் ஒருவரே. சாட்சி சொன்னது, அவரை உட்காரவைத்து வாங்கு வாங்கு என்று வாங்கிய அதே நிக்கோல்ஸ்.

செகோவ் வந்த கதை இன்னும் ருசி. விண்வெளிக்கு முதலில் ஆள் அனுப்பிய எங்களை விட்டுவிட்டீர்களே என்று சோவியத் பத்திரிகை ‘பிராவ்தா’ வருத்தப்பட்டதாகவும், அதனால்தான் ரஷ்யப் பாத்திரம் சேர்ந்ததாகவும் ராடன்பெரி சொல்லிவந்தார். நம்பியவர்கள் பலர். அசல் காரணம் மாஸ்கோவில் இல்லை, ‘மங்கீஸ்’ பாட்டுக்குழுவின் டேவி ஜோன்ஸ் தலைமுடியில் இருந்தது. அந்த முடிக்குப் பதின்வயதுப் பெண்கள் மயங்குகிறார்கள், நமக்கும் ஒரு முடி வேண்டும். கோனிக்குக்குச் சொந்த முடி வளரும்வரை விக் மாட்டினார்கள். அந்தக் கப்பலில் விக் பற்றிய வேறு வதந்தியும் உண்டு. கேப்டன் விஷயம் என்பதால் நாம் அதற்குள் போகவேண்டாம்.

அதே சமயம் டக்கே ‘தி கிரீன் பெரேஸ்’ என்ற படத்தில் நடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தால், அவருக்கென்று எழுதிய வசனங்கள் எல்லாம் விக் வைத்த வாலிபன் வாயில். முகத்தைப் பார்க்கும் முன்பே கோனிக்கை வெறுத்தேன் என்று டக்கே ஒப்புக்கொள்கிறார்.

பணமே புழங்காத எதிர்காலத்தைக் கனவு கண்ட ராடன்பெரியின் நிகழ்கால வரவு செலவு தனி அத்தியாயம். அலெக்சாண்டர் கரேஜ் போட்ட தொடக்க இசைக்கு, யாரும் பாடப்போவதில்லை என்று தெரிந்தே வரிகள் எழுதினார். பாடலாசிரியர் ஆகிவிட்டால் ராயல்டியில் பாதி வந்துவிடும். வந்தது. பன்முகத்தன்மையே பிரபஞ்சத்தின் அழகு என்று விளக்கும் ஒரு பதக்கத்தை 1968இல் திரைக்கதைக்குள் செருகினார். அதே பதக்கம் அவருடைய தபால் வியாபாரத்தில் விற்பனைக்கு வரவிருந்தது. இதை விளம்பரம் என்று ஷாட்னரும் நிமாயும் சேர்ந்து எதிர்த்தார்கள். அசிமோவ் யோசனை பலித்துவிட்டது. பொது ஆபத்து வந்ததும் இருவரும் ஒன்றாக நின்றார்கள்.

79 எபிசோடில் தொடர் மூடப்பட்டது. நிமாய் 1975இல் ‘நான் ஸ்பாக் அல்ல’ என்று ஒரு புத்தகம் எழுதினார். உள்ளே அவர் ஸ்பாக்கைக் கொஞ்சியிருந்தார். யார் உள்ளே படித்தது? தலைப்பைப் பார்த்த ஊர், இந்த ஆள் ஸ்பாக்கை வெறுக்கிறார் என்று தீர்ப்பு எழுதியது. தொடர் பிறகு சினிமாவாகவும் வந்தது. 1982இல் வந்த இரண்டாவது சினிமாவில் ஸ்பாக் சாகப்போகிறான் என்ற ரகசியம் படப்பிடிப்புக்கு முன்பே கசிந்தது. கசியவிட்டவர் என்று எல்லாக் கண்களும் திரும்பியது, படத்தில் அதிகாரம் பறிபோயிருந்த ராடன்பெரி பக்கம். ரசிகர்கள் கொதித்தார்கள். டைரக்டர் தரப்பு சாமர்த்தியமாக, தொடக்கக் காட்சியிலேயே ஒரு பயிற்சி நாடகத்தில் ஸ்பாக்கைப் பொய்யாகச் சாகடித்தது. ‘அட, இவ்வளவுதானா’ என்று ரசிகர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததும், கடைசியில் நிஜமாகவே கொன்றது.

மூன்றாவது படத்தை நானே இயக்குகிறேன் என்று நிமாய் போனபோது, பாரமவுண்ட் ஸ்டூடியோவின் மைக்கேல் ஐஸ்னர் தயங்கினார். ஸ்பாக்கைச் சாகடிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவரிடம் எப்படிக் கொடுப்பது? நிமாய் சொன்ன பதில், அந்த ஒப்பந்தம் இதே கட்டடத்தில்தான் இருக்கிறது, எடுத்துவரச் சொல்லிப் படியுங்கள் என்பது. ஊர் வதந்தியைக் கம்பெனி முதலாளியும் சந்தா கட்டி நம்பியிருக்கிறார். நிமாய் 1984, 1986 என்று இரண்டு படங்களை இயக்கினார். 1995இல் ‘நான்தான் ஸ்பாக்’ என்று இன்னொரு புத்தகமும் எழுதி முந்தைய தலைப்புக்குப் பரிகாரம் செய்தார்.

ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்கும் கிடைக்கவேண்டும் என்று ஷாட்னர், நிமாய் இருவர் ஒப்பந்தத்திலும் ஷரத்து உண்டு. நிமாய் இயக்கினாரா? அப்படியானால் ஷாட்னரும் இயக்கவேண்டும். 1989இல் ஐந்தாவது படம் அப்படித்தான் வந்தது. கப்பல் கடவுளைத் தேடிப் போகும் கதை. கடவுள் என்று ஒருவர் அகப்பட்டார், வசூல் அகப்படவில்லை.

டக்கேயின் ஆறாத புண் வேறு. இரண்டாவது படத்தில் சூலுவுக்குக் கேப்டன் பதவி உயர்வு தரும் காட்சி இருந்தது, ஷாட்னர் அந்த வசனத்தை வேண்டுமென்றே உயிரில்லாமல் ஒப்பித்ததால் கத்தரியில் விழுந்தது என்பது அவர் வாதம். ஷாட்னர் இல்லை என்கிறார். 1991இல் ஆறாவது படத்தில் சூலு கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார், வேறு கப்பலில். அந்த நாற்காலியின் பக்கத்தில்கூட ஷாட்னர் வரமுடியாத தூரம்.

2008இல் டக்கே தன் காதலரை மணந்தார். மாப்பிள்ளைத் தோழன் யார் என்று நினைக்கிறீர்கள்? முகம் பார்க்கும் முன்பே வெறுத்த கோனிக்! தோழி நிக்கோல்ஸ். ஷாட்னர் மட்டும் வரவில்லை. எனக்கு அழைப்பே இல்லை என்று வீடியோ போட்டுப் புலம்பினார். அனுப்பினோமே என்றார் டக்கே. கல்யாணப் பத்திரிகை வந்ததா, வரவில்லையா என்று விண்மீன்களுக்கு இடையே போனவர்கள் அடித்துக்கொண்டார்கள். 2021இல் 90 வயதில் ஷாட்னர் நிஜமாகவே ராக்கெட் ஏறி விண்வெளியைத் தொட்டுவிட்டு வந்தார். உடனே டக்கே, தளர்ந்த உடம்பைச் சோதிக்க நல்ல ஆள் கிடைத்தார் என்பதுபோலச் சொன்னார். என்னைத் திட்டினால்தான் அவர் பெயர் பேப்பரில் வருகிறது என்றார் ஷாட்னர்.

டாக்டர் மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லியை விட்டுவிட்டீர்களே என்று கேட்கலாம். 1945இல் கட்டிய மனைவியோடு கடைசிவரை வாழ்ந்து 1999இல் போனார். யார் வசனத்தையும் எண்ணவில்லை. ஆறு பேர் நடுவே இருந்தும் சுயசரிதை எழுதவில்லை. எதிலும் ஒத்துப்போகாத அந்த ஆறு பேரும், கெல்லி நல்ல மனிதர் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஒளியைவிட வேகமாகக் கப்பல் போகும், ஆளைக் கரைத்து வேறு இடத்தில் உருவாக்கலாம் என்பதையெல்லாம்கூட எப்படியோ நம்பிவிடலாம். கூட நடித்தவர்கள் ஒருவரும் குறை சொல்லாத நடிகர் என்பதுதான் அந்தக் கப்பலிலேயே நம்பமுடியாத அறிவியல் புனைகதை.