கண்ணில்லாதவன் வூட்டு கலர் பல்பு

வா கண்ணு, குந்து. அந்தாண்ட குந்தாதே, ஒயரு கீது. இந்தாண்ட வா, திண்ணை ஓரமா. வெள்ளிக்கெழமை ஒடுகத்தூர் சந்தைக்கு வர்றவன் ஆடு வாங்க வருவான், இல்ல ஆடு விக்க வருவான். டப்பா வாங்க யோசனை கேட்டு வந்த மொத ஆளு நீதான்.

இன்னா கேட்டே? கண்ணு தெரியாதவங்களுக்கு எந்த ஸ்பீக்கரு நல்லது, எந்த பல்பு நல்லது, வூட்டை எப்படி ஸ்மார்ட்டா ஆக்கறது. அதானே? சரியான ஆளுகிட்டதான் வந்துகீறே. எனக்கு ரெண்டு கண்ணும் போயி 11 வருஷம் ஆவுது. கண்ணுக்குள்ள அழுத்தம். வலி இல்ல, அதனால ஆஸ்பத்திரிக்குப் போவல. போனப்போ நேரம் கடந்து போச்சி. தப்பு என்னுது. கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம்னு கிண்டல் பண்ணுவாங்களே, அதை நான் தெனமும் பண்ணிகினுதான் கீறேன். வெய்யிலு மூஞ்சில சுட்டா கிழக்கு எதுன்னு தெரியுது. போதாதா?

அதுக்கு முன்ன 30 வருஷம் ஆம்பூர்ல தோல் ஷாப்புல ரகம் பிரிச்சவன் நான். தோலு மேசையில வந்து விழும். உள்ளங்கைய வெச்சி கழுத்துல இருந்து வாலு வரைக்கும் ஒரு இழுப்பு. உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறுன கோடு, உரிக்கறப்போ கத்தி பட்ட எடம், எல்லாத்தையும் விரலு சொல்லிடும். கனம் ஒரு மில்லியா ஒண்ணேகாலான்னு கேஜ் வெக்கறதுக்கு முன்னயே சொல்லிடுவேன். கண்ணு போனப்போ வூடே அழுதுச்சி. எதுக்குடா அழுவுறீங்க, விரலு பத்தும் அப்படியேதானே கீதுன்னேன்.

போன பொங்கலுக்குப் பேரன் பெங்களூர்ல இருந்து வந்தான். பை நிறைய டப்பா. "தாத்தா, இனிமே இந்த வூடே உன் பேச்சைக் கேக்கும்"னான். உங்க ஆயா 40 வருஷமா கேக்கல, வூடா கேக்கப் போவுதுன்னேன்.

மொதல்ல ஒரு பல்பை எடுத்து என் கையில குடுத்தான். இதுல இன்னாடா விசேஷம்னேன். "1 கோடியே 60 லட்சம் கலரு வரும் தாத்தா." யாருக்குடா? "உனக்குத்தான்."

கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியும்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. வாங்கறவன் கேனையனா இருந்தா, கண்ணு தெரியாதவன் வூட்ல கலர் பல்பு எரியும். இது நான் புதுசா சேத்தது. எழுதி வெச்சிக்கோ.

அப்பால அதை மாட்டணும். போன்ல ஒரு ஆப்பு போடணுமாம். போட்டான். என் போன்ல டாக்பேக்குன்னு ஒண்ணு கீது. விரலு படற எடத்துல இன்னா கீதுன்னு வாய்விட்டுப் படிக்கும். அதை வெச்சி நானே அந்த ஆப்பைத் தடவிப் பாத்தேன். "பட்டன்" அப்படின்னுச்சி. நகந்தேன். "பட்டன்." இன்னும் நகந்தேன். "பட்டன்." ஒண்ணுக்கும் பேரு வெக்கல! பொறந்த கொழந்தைக்கு மூணாம் மாசம் பேரு வெக்கறோம், பட்டனுக்குப் பேரு வெக்க இவனுங்களுக்கு வாய் வரல.

சரி, பேரனே பண்ணட்டும்னு உட்டேன். அவன் சத்தமா படிக்கிறான்: "பல்பு வேகமா கண் சிமிட்டுகிறதா என்று பார்க்கவும்." அந்த பல்பு யாருக்கு வாங்குனதுன்னு இன்னொரு தபா சொல்லுடான்னேன். பய சிரிச்சிட்டான்.

நாலு குருடன் யானையைத் தடவுன கதைய பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கிறீங்க இல்ல? ஒருத்தன் தூணுன்னானாம், ஒருத்தன் முறம்னானாம். அவங்க தொட்டாவது பாத்தாங்க நைனா. கண்ணு ரெண்டும் நல்லா கீறவன் தொடாம, கேக்காம, அட்டை மேல போட்ட படத்தைப் பாத்து பெட்டி வாங்கறானே, அந்தக் கதைய எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்றாங்க?

அப்போ இதெல்லாம் வெட்டி வேலையா தாத்தான்னு கேக்காதே. அவசரப்படறே பாரு. நான் அப்படிச் சொல்லவே இல்ல. மெய்யாலுமே அவன் கொண்டாந்ததுல அந்த பேசற டப்பா, நீ கேட்ட ஸ்பீக்கரு, எனக்குப் புடிச்சிருக்கு. ஏன்னு சொல்றேன்.

கண்ணு தெரியாதவன் வூட்ல லைட்டு எதுக்குன்னு நீ மனசுல நெனப்பே. வர்றவனுக்கு. வந்தவன் லைட்டைப் போட்டுப் பேசிட்டு, அணைக்காம போயிடுவான். அது பாட்டுக்கு எரியும். எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்து குண்டு பல்பா இருந்தா கிட்டப் போனாலே அனலு அடிக்கும். இந்த எல்இடி சரியா சுடவும் மாட்டேங்குது. இப்போ கூடத்து லைட்டு எரியுதான்னு குந்தின எடத்துல இருந்தே டப்பாவைக் கேக்கறேன். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. ஊர்ல எவன் இவ்ளோ நேரா பதில் சொல்றான்?

மணி கேட்டா சொல்லுது. மாத்திரைக்கு நேரமாச்சின்னு கூப்புடுது. ஸ்க்ரீனு இல்லாத பண்டம் அது. உன்னையும் என்னையும் ஒரே மாதிரி நடத்துது. அது பெரிய மருவாதை கண்ணு.

ஆனா பாஷைதான் வம்பு. அமேசான்காரன் இந்த டப்பாவை நம்ம நாட்டுக்குக் கொண்டாந்தது 2017ல. அடுத்த வருஷம் கூகுள்காரன் வந்தான். மொதல்ல இங்கிலீசு, அப்பால இந்தி. நம்மகிட்ட குந்தி தமிழ்ல நாயம் பேசற அளவுக்கு அதுங்களுக்கு இன்னும் நாக்கு திரும்பல. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு எல்லாம் தோல் ஷாப்பு இங்கிலீசு. வெட் ப்ளூ, க்ரஸ்ட், ஃபினிஷிங், ரிஜெக்ட். இதை வெச்சி லைட்டு போட முடியுமா?

அப்போதான் நம்ம ஆம்பூர் உருது கை குடுத்துச்சி. தோல் மண்டியில பாதிப் பேச்சு அதுதானே. டப்பாவை இந்தியில வெக்கச் சொல்லிட்டு, எனக்குத் தெரிஞ்ச உருதுல "பத்தி ஜலாவ்"னு ஒரு கத்து கத்துனேன். லைட்டு எரிஞ்சிச்சின்னு பேரன் சொன்னான். அதே நேரத்துக்கு உங்க ஆயா சமையக்கட்டுல இருந்து ஊதுபத்தி ஏத்திகினு வந்து நின்னா. ரெண்டு பேரும் என் பேச்சைக் கேட்ட நாளு அது ஒண்ணுதான்.

அதனால துட்டைக் குடுக்கறதுக்கு முன்ன உன் போனைக் கேளு. போன்ல கீற கூகுளுக்கு 2018ல இருந்து தமிழ் தெரியும். மணி கேளு, மழை கேளு, மவனுக்குப் போன் போடச் சொல்லு. அதுலயே உன் வேலை முடிஞ்சா, வெண்ணெய கையில வெச்சிகினு நெய்க்கு எதுக்கு அலையறே?

அதே போன்ல ரிசர்வ் பேங்க்குக்காரன் மணின்னு ஒரு ஆப்பு உட்டான், 2020 ஜனவரியில. ரூவா நோட்டை கேமரா முன்ன காமிச்சா எத்தனை ரூவான்னு சொல்லும். துட்டு கெடையாது, நெட்டும் தேவை இல்ல. இப்போ வர்ற 100 ரூவா நோட்டுக்கும் 200 ரூவா நோட்டுக்கும் நீளத்துல 4 மில்லிமீட்டருதான் வித்தியாசம். 200க்கும் 500க்கும் அதே 4. அகலம் ஒண்ணேதான். தோல்ல கால் மில்லி கண்டுபுடிச்ச விரலு, கசங்கின நோட்டுல தடுமாறுது. ஆடு வித்துட்டு நிக்கறப்போ அந்த ஆப்பு எனக்குப் பக்கத்துல நிக்கற தம்பி மாதிரி. ஒரே வேலை, அதையும் ஒழுங்கா பண்ணுது. ஸ்மார்ட்டுன்னா அது ஸ்மார்ட்டு.

சரி, டப்பா வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா? அப்போ ஆடு புடிக்கற மாதிரி வாங்கு.

சந்தையில பாரு. கொம்புக்கு மஞ்சா பூசி, கழுத்துல மணி கட்டி நிறுத்துவான். வெவரம் தெரிஞ்சவன் மஞ்சாவைப் பாக்க மாட்டான். வாயைப் பொளந்து பல்லை எண்ணுவான். முதுகெலும்பு மேல கைய வெச்சி அமுக்குவான். மாட்டுத் தரகருங்க வெலை பேசறப்போ துண்டைப் போட்டு மூடி, அடியில விரலைப் புடிச்சே பேரம் முடிப்பாங்க. ஆயிரக்கணக்குல துட்டு கை மாறுது, அங்க கண்ணுக்கு வேலையே இல்ல. அந்த மாதிரி நீயும் தொட்டு வாங்கு.

டப்பா மேல கைய வெச்சிப் பாரு. சில டப்பாவுல சத்தம் கூட்ட, குறைக்க மேட்டு பட்டனு இருக்கும். அமுக்கினா அமுங்கும். சிலதுல ஒண்ணும் இருக்காது, ஓரத்துல தட்டணுமாம். தடவத் தடவ சத்தம் ஏறுதா எறங்குதான்னு அதுக்கே தெரியாது. மேட்டு பட்டன் கீறதை எடு. அடுப்பு வாங்கினாலும் மிஷினு வாங்கினாலும் இதே கதைதான். இப்போ எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி வழவழன்னு பண்ணிடறான். அழகாம். ஆறே ஆறு புள்ளிய மேடு பண்ணி கண்ணு தெரியாதவங்களைப் படிக்க வெச்சான் லூயி பிரெய்லு, அவனுக்கு 15 வயசு ஆவறப்போ. 200 வருஷம் கழிச்சி இவன் மேட்டை எல்லாம் இழைச்சி சமம் பண்றான். இது முன்னேற்றமா?

வழவழ மிஷினு ஏற்கனவே வூட்ல இருந்தா ஒரு வழி சொல்றேன். நான் என்ன பண்ணேன் தெரியுமா? வாஷிங் மிஷினு மேல ரெண்டு தோல் துண்டை நறுக்கி ஷூவுக்கு ஒட்டற சொல்யூஷன்ல ஒட்டிட்டேன். சொரசொரன்னு கீற ஸ்வெட் துண்டு ஆரம்பிக்கறதுக்கு. வழவழ துண்டு நிறுத்தறதுக்கு. தோலு கெடைக்கலன்னா கல்லு வெச்ச ஸ்டிக்கர் பொட்டு ஒட்டு. உங்க அம்மாகிட்ட அட்டை அட்டையா இருக்கும்.

அப்பால காது. நீ பேசறது அந்த டப்பாவுக்குக் கேட்டுச்சின்னா மேல லைட்டு எரியுமாம். காதை மூடிக்கிச்சின்னா செவப்பு எரியுமாம். நமக்கு எரிஞ்சா இன்னா, எரியலன்னா இன்னா? அமைப்புல தேடிப் பாரு. கேக்க ஆரம்பிச்சா ஒரு "டிங்", முடிச்சா ஒரு "டிங்" போடற மாதிரி வெக்க முடியும் பல டப்பாவுல. மொத நாளே அதைப் போட்டுடு. இல்லன்னா செவுத்துகிட்ட பேசிகினு குந்தியிருப்பே.

ஆப்பை மொதல்ல எறக்கு, பண்டத்தை அப்பால வாங்கு. டாக்பேக்கைப் போட்டுட்டு, நீ கண்ணை மூடிகினு அந்த ஆப்பைத் தடவு. "பட்டன், பட்டன்"னு சொல்லிச்சின்னா கடைக்காரனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு எழுந்து வந்துடு.

இப்போ பல்பு கதைக்கு வா. அந்த கோடி கலரு பல்பு ஒரு வாரம்தான் பேச்சைக் கேட்டுச்சி. உங்க ஆயா பழக்கதோஷத்துல செவுத்து சுவிட்சை அணைச்சிட்டுப் போவா. சுவிட்சு போச்சின்னா பல்பு செத்த பொணம். நான் இங்க டப்பாகிட்ட கத்திகினு கீறேன், அது "பதில் இல்லை, பதில் இல்லை"ன்னு பொலம்புது. ஒரு நாளு ஜவ்வாது மலைப் பக்கம் இடி, மழை. கரண்டு போச்சி. ராத்திரி ரெண்டு மணிக்குத் திரும்பி வந்துச்சி. அந்த பல்புக்கு இன்னா சந்தோசமோ, தானா முழு வெளிச்சத்துல எரிஞ்சிச்சாம். வூடு மொத்தம் பதறி எழுந்துகிச்சி. நிம்மதியா தூங்குனவன் நான் ஒருத்தன்தான்.

காலையில எலக்ட்ரீசியனைக் கூப்ட்டேன். பல்பைக் கழட்டிட்டு சாதா பல்பு போட்டேன். சுவிட்சுக்குப் பின்னாடி வெக்கற ஒரு சின்ன கட்டை கீது, அதை வெச்சான். இப்போ நான் டப்பாகிட்ட சொன்னாலும் எரியும், உங்க ஆயா சுவிட்சு போட்டாலும் எரியும். நெட்டு போச்சின்னா டப்பா ஊமை, சுவிட்சு ஊமை ஆவல. பழசை வெட்டாம புதுசை ஒட்டுப் போடணும். மாமரத்துக்குத் தெரிஞ்ச சங்கதி.

இன்னொண்ணு. கடைக்காரன்கிட்ட யோசனை கேக்காதே, யூடியூப்ல கைய ஆட்டறவன்கிட்டயும் கேக்காதே. கண்ணு தெரியாத ஆளு ஒருத்தன், அதை ஒரு வருஷமா வெச்சிகினு கீறவனா பாத்துக் கேளு. கம்ப்யூட்டரைப் படிச்சிச் சொல்ற என்விடிஏன்னு ஒண்ணு கீது. உலகம் பூரா சும்மாவே கெடைக்குது. 2006ல அதை ஆரம்பிச்சவன் ஆஸ்திரேலியாவுல ஒரு பையன், அவனுக்கே கண்ணு தெரியாது. செருப்பு எங்க கடிக்குதுன்னு போட்டவனுக்குத்தானே தெரியும்? ஆம்பூரு பக்கத்து ஆளுக்கு இதை நான் சொல்லணுமா?

கண்ணால காண்பதும் பொய், காதால கேப்பதும் பொய், தீர விசாரிக்கறதே மெய்யின்னு பெரியவங்க சொன்னாங்க. அதுல நமக்கு ஒரு பொய் குறைவு. மிச்சத்தை விசாரி.

சாப்ட்டுட்டுப் போறியா? வேணாமா? சரி. வூட்டுக்குப் போயி ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, கண்ணைக் கட்டிகினு ஒரு மணி நேரம் நடமாடிப் பாரு. அப்போ உன் கைக்கு எது வேணும்னு தெரியும். அதை வாங்கு. மிச்சத்துக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கிக்கோ, சந்தை இன்னும் கலையல.

போறப்போ திண்ணை லைட்டை அணைச்சிட்டுப் போ. டப்பாகிட்ட சொல்லாதே, உன் தமிழ் அதுக்குப் புரியாது. சுவிட்சு வாசப்படிக்கு வலப்பக்கம், இடுப்பு உசரத்துல கீது. கைய வெச்சா தெரியும்.