எர்த் குழிக்கு ரெண்டு குடம்

வா தாயி, உக்காரு. திண்ணை தூசியாத்தான் கெடக்கு. சேலையில ஒட்டுச்சுன்னா சாக்பீஸ் பொடின்னு சொல்லிக்க, டீச்சர்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கையில என்ன, நோட்டா? மூணு வருசத்துக்குத் திட்டம் எழுதணுமா? ஸ்மார்ட் கிளாசு, இண்டர்நெட்டு, தேய்க்கிற பலகை அம்புட்டுக்கும் சேத்தா? பேஷ், பேஷ். 2009-ல வந்த கட்டாயக் கல்விச் சட்டத்துலயே, பெத்தவங்க உக்காந்திருக்கிற மேலாண்மைக் குழுதான் பள்ளிக்கூடத்துக்குத் திட்டம் போடணும்னு இருக்காம். அந்தக் குழுவுல நான் இல்ல. எம்பேத்தி உன்கிட்ட மூணாப்பு படிக்கா, அம்புட்டுத்தான் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒட்டு. பிடிச்சா எழுதிக்க. பிடிக்கலைன்னா கெழவனுக்கு வெயில் தலைக்கேறிருச்சுன்னு போயிரு.

மொதல்ல திறப்பு விழாவை நல்லாத் திட்டம் பண்ணிக்க. அதுல கொறை வச்சுராத. ரிப்பன் பட்டு ரிப்பனா இருக்கணும், கத்திரிக்கோலு மொக்கையா இருக்கக் கூடாது. போட்டோவுல யாரு எங்க நிக்கணும்னு மொத நாளே சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிரு. மறுநாளைக்குத் திட்டம் எதுக்கு? கல்யாணத்துக்கு மேளக்காரனைத்தான மூணு மாசத்துக்கு முந்தியே பேசி அட்வான்ஸ் குடுக்கோம். பாத்திரம் கழுவ ஆளை விடிஞ்ச பொறகு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடித் தேடுறதுதான நம்ம வழக்கம்.

நான் இதையெல்லாம் ரொம்பப் பாத்துட்டேன் தாயி. நாங்க படிக்கையில ஊமத்தை எலையும் அடுப்புக்கரியும் சேத்து அரைச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரும்பலகைக்குப் பூசுவோம். கை ரெண்டு நாளைக்குக் கருப்பாவே இருக்கும். பொறகு 1987-ல தில்லியில இருந்து கரும்பலகைத் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. சிரிக்காத, நெசந்தான். பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு ரூமு, ரெண்டு வாத்தியாரு, கரும்பலகை, வரைபடம், வெளையாட்டுச் சாமான்னு குடுத்தாங்க. நம்மூருக்கு ஒரு பூகோள உருண்டை வந்துச்சு. பிள்ளைக தொட்டா ஒடஞ்சுரும்னு வாத்தியாரு பீரோ மேல ஏத்தி வச்சாரு. பத்து வருசம் உலகம் சுத்தாம பீரோ மேலயே நின்னுச்சு. சீமை எங்க இருக்குன்னு கேட்டா, பீரோவுக்கு மேலன்னு பிள்ளைக சொல்லும்.

2004-ல படிப்புக்குன்னே எஜுசாட்னு ஒரு செயற்கைக்கோள் விட்டாங்க. ஆகாசத்துல 36,000 கிலோமீட்டர் உசரத்துல கொண்டுபோய் நிறுத்திட்டாங்க, கெட்டிக்காரங்க. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு பள்ளிக்கூடத்துல, ஓட்டுக்கூரை மேல வச்ச டிஷ் கொடை ஒரு காத்துக்குத் திரும்பிருச்சு. பத்தடி உசரம் ஏறி அதை நேராக்க ஆளு கெடைக்கல. பொறகு அதுல காக்கா கூடு கட்டுச்சு. குஞ்சு பொரிச்சதை நானே பாத்தேன்.

நான் பாத்ததுலயே புத்தியுள்ள சாமான் எது தெரியுமா? செயல்வழிக் கற்றல்னு 2007 வாக்குல மாநிலம் முழுக்க வந்துச்சே, அப்ப சுவத்துல தாழ்வா அடிச்சுக் குடுத்த கருப்புப் பட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கைக்கு எட்டுச்சு. ஒண்ணாப்புப் பொடியன் குத்தவச்சே எழுதலாம். கரண்டு கேக்கல, பாஸ்வேர்டு கேக்கல. இப்ப வர்ற பெரிய டிவியை எங்க மாட்டப் போற? திருட்டுக்குப் பயந்து கூரைக்குப் பக்கத்துலயா? ரொம்ப நல்லது. பிள்ளைக சாமி பாக்குற மாதிரி அண்ணாந்து கும்பிட்டுக்கிறட்டும்.

கோவிச்சுக்காத, வந்த சீரை நான் கொறை சொல்லல. 2024-ல மாநிலத்துல 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, தொடக்கப் பள்ளி வாத்தியார்மாருக்கு 79,723 கையடக்கக் கணினின்னு பேப்பர்ல போட்டிருந்தான். வரட்டும், பட்டணத்துப் பிள்ளை பாக்குறதை எம்பேத்தியும் பாக்கட்டும். ஆனா தாயி, பொட்டி தானா வந்துரும், அதுக்கு நீ திட்டம் எழுத வேண்டியதில்ல. கூட வராதது என்னன்னு யோசிச்சு எழுது, நோட்டு பத்தாது.

கரண்டையே எடுத்துக்க. ஒங்க பள்ளிக்கூடத்து எர்த் கம்பி எங்க போகுதுன்னு பாத்தயா? நான் பாத்தேன். சுவத்துல இருந்து எறங்கி, வேலியோரத்துல மண்ணுக்கு மேலயே நிக்குது. வெக்கப்படுற மருமக மாதிரி உள்ள போகவே இல்ல. போன வருசம் என் பம்ப்செட்டு மோட்டாரு காயில் எரிஞ்சுச்சே, அந்த நாத்தம் மூணு நாளு மூக்குல இருந்துச்சு. சாயங்காலம் ஊரே லைட்டு போடையில வோல்ட்டு 170-க்கு வந்து நொண்டும். ராத்திரி எல்லாரும் அணைச்சுட்டா எகிறும். மோட்டாருக்கு ஆயிரக்கணக்குல அழுத நான் சொல்றேன். நல்ல எர்த் குழி எட்டடி ஆழம் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காப் போட்டு மூடணும். நம்ம மண்ணு கரிசல். சித்திரை வெயில்ல கை நொழையுற அளவுக்கு வெடிச்சுப் போகும். வெடிச்ச மண்ணுல எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதுக்குத் தண்ணி ஊத்தணும். ஊத்துறது யாரு? அதுவும் பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்குற மே மாசத்துல?

கரண்டு போனா ஓட்டுற பேட்டரிக்கும் அந்த லீவுதான் எமன். ஏப்ரல் கடைசியில மெயினை ஆப் பண்ணிட்டுப் பொறுப்பாப் பூட்டிட்டுப் போவீங்க. ஜூன்ல தொறந்தா பேட்டரி செத்துக் கெடக்கும். பட்டினி போட்ட மாடு எந்திரிக்குமா? பிளக்கு ஓட்டைக்குள்ள குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டியிருக்கும். நீ குச்சி விட்டு நோண்டுவ. குச்சி விடாத தாயி, மெயினை அணைச்சுட்டு நோண்டு. ஒரு ரூவாய்க்குப் பிளாஸ்டிக் மூடி விக்கிறான், ஓட்டையில செருகி வைக்க. அதைத் திட்டத்துல எழுதுனா மேல இருக்குறவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும், எழுது.

இனி இண்டர்நெட்டு. எனக்குப் புரியாத வெசயம்னு நெனைக்க. கம்மாய்ப் பாசனத்துல பொறந்து வளந்தவனுக்கு அதுல புரியாதது ஒண்ணுமில்ல. பஞ்சாயத்து பஞ்சாயத்தாக் கண்ணாடி வயரு இழுக்கணும்னு தில்லியில 2011-லயே முடிவு பண்ணுனாங்க. நம்ம மாநிலத்துக்கு மட்டும் 12,525 பஞ்சாயத்துன்னு கணக்கு. சரி, பஞ்சாயத்து ஆபீசு வரைக்கும் வந்துருச்சுன்னே வச்சுக்க. அது கம்மாய்க்குத் தண்ணி வந்த மாதிரி. கம்மாய் நெறஞ்சா வயலு நனைஞ்சுருமா? மடை வேணும், வாய்க்கால் வேணும், வாய்க்கால்ல எருமை எறங்காம பாக்கணும். ஆபீசுல இருந்து பள்ளிக்கூடத்துக்கு நடுவுல ரெண்டு புளியமரம், ஒரு கொரங்குக் கூட்டம், வருசா வருசம் ரோட்டைத் தோண்டுற குடிதண்ணிக் குழாய்க்காரன். வயரை எங்கிட்டுக் கொண்டு போறன்னு ஒரு படம் போட்டு வச்சுக்க. தோண்ட வாறவன்கிட்ட காட்டவாவது ஆகும்.

100 எம்பின்னு பில்லுல போட்டிருப்பான். அது மடைவாயில பாயுற கணக்கு. ஒன் வகுப்பு கடைமடை. நல்லாத் தெளிவா ஒரு வீடியோ ஓட செகண்டுக்கு 5 எம்பி வந்தாப் போதுமாம், எம்பேரன் சொன்னான். அந்த அஞ்சு உன் ரூமுக்கு வருதான்னு பாரு. நம்ம பள்ளிக்கூடத்துச் சுவரு ஒன்றரையடிக் கருங்கல்லு. ஹெட்மாஸ்டர் ரூமுல பொட்டியை வச்சுட்டு, மூணாவது ரூமுல வைஃபை வரலைன்னா அது கல்லு செஞ்ச தப்பா? அந்தக் கல்லு எங்க தாத்தன் சொமந்தது. அது ஒண்ணும் கேக்கல, நீதான் வயரு இழுத்துக்கணும். சாதாத் தாமிர வயரு 100 மீட்டர் வரைக்கும் போகுமாம். நம்ம பள்ளிக்கூடத்தை நாலு சுத்துச் சுத்தி வந்தாத்தான் 100 மீட்டரே வரும்.

இன்னொண்ணு. வேகத்தை மத்தியானம் எல்லாரும் தூங்கையில அளந்து எழுதாத. காலையில அட்டெண்டன்சு ஏத்துறதுக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே மடையில கைய வைக்கையில அள. ஒரு வாரம் தெனமும் அள. அந்தக் கணக்குத்தான் கணக்கு. கம்மாய்க்கு ஒரு நீர்க்கட்டி இருப்பான் பாரு, எந்த வயலுக்கு எத்தனை நாழிகைன்னு அவந்தான் தெறப்பான், அடைப்பான். ஒன் பள்ளிக்கூடத்துக்கு நீர்க்கட்டி யாரு? அட்டெண்டன்சு ஏத்தி, சத்துணவுக் கணக்கு ஏத்தி, பிள்ளைக உசரம் எடை ஏத்தி முடிச்சு, மிச்சம் இருந்தாப் பாடத்துக்குப் பாயுமா? இருக்குறது ரெண்டு டீச்சரு, அஞ்சு வகுப்பு. பலகையைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஒன் பெருவெரலு ரேகை அழிஞ்சுபோச்சுன்னு கேள்வி. ரேசன் கடையில கைரேகை விழலைன்னா எங்கிட்ட வந்து அழாத.

பில்லு மாசாமாசம் வரும், அதையும் பாத்துக்க. பணம் எப்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன், அது ரகசியம்.

வயரு வந்து, தண்ணி பாஞ்சு, படம் ஓடுதுன்னு வை. போன மாசம் ஒன் தேய்க்கிற பலகையில பாட்டு ஒண்ணு போட்டியாமே, யானைப் பாட்டு. நடுவுல நகைக்கடன் வெளம்பரம் வந்துருச்சாம். எம்பேத்தி வீட்டுக்கு வந்து, "தாத்தா, கிராமுக்கு எம்புட்டுத் தருவாங்க"ன்னு கேக்குறா. யானை என்ன பண்ணுச்சுன்னு கேட்டேன். தெரியலையாம். காது குத்துக்கு வாங்குன தோட்டைத் தடவித் தடவிப் பாக்குறா. அவ பாட்டி அன்னைக்குத் தோட்டைக் கழட்டி ஒளிச்சு வச்சவதான், இன்னும் குடுக்கல. இதுக்குத்தான் மொத நாளே வேண்டியதை எறக்கி ஒரு பொட்டிக்குள்ள வச்சுக்கன்னு சொல்றேன். கொலிப்ரின்னு ஒண்ணு இருக்காம், சும்மாவே தர்றாங்களாம். பாடத்தை ஒரு கம்ப்யூட்டருக்குள்ள போட்டு வச்சுக்கிட்டா, வெளியில நெட்டு இல்லாட்டியும் பள்ளிக்கூடத்துக்குள்ள ஓடுமாம். அதுவும் எம்பேரன் சொன்னதுதான். மழை பெய்யாத வருசத்துக்கும் குதிருக்குள்ள நெல்லு வேணும்ல.

அவன் இன்னொரு கதையும் சொன்னான். பெருன்னு ஒரு நாடு, கடலுக்கு அங்கிட்டு. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினின்னு லட்சக்கணக்குல குடுத்தாங்களாம். நல்ல சாமானாம், பச்சை கலர்ல, கீழ விழுந்தாலும் ஒடையாதாம். பொறகு 319 கிராமத்துப் பள்ளிக்கூடத்துல ஆராய்ச்சி பண்ணி, 2012-ல எழுதி வச்சுட்டாங்க: பிள்ளைக கம்ப்யூட்டரை நல்லாத் தட்டுதுக, ஆனா கணக்குலயும் மொழியிலயும் ஒரு இஞ்சு கூட முன்ன போகல. அங்க முக்காவாசிப் பள்ளிக்கூடத்துக்கு நெட்டு இல்ல, வாத்தியாருக்கு இதை வச்சு என்ன நடத்தன்னு சரியாச் சொல்லிக் குடுக்கல. கேட்டதும் எனக்கு ஒரு சந்தோசம் தாயி. நம்ம பீரோ மேல இருந்த உருண்டையில அந்த ஊரு எந்தப் பக்கம் இருந்துச்சோ, புத்தி மட்டும் நம்ம புத்தியாவே இருந்திருக்கு.

அதனால நீ பயிற்சிக்குப் போகையில டீயும் வடையும் எப்பன்னு கேளு, தப்பில்ல. கூடவே, "மூணாப்புல 12-ம் வாய்ப்பாடு நடத்தையில இந்தப் பொட்டியை எப்பப் போடணும், எப்ப அணைக்கணும்?"னு ஒரு கேள்வி கேட்டுட்டு வா. அணைக்கிறதைச் சொல்லிக் குடுக்குற ஆளா இருந்தா, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்க.

நேத்து சாயங்காலம் பிள்ளைக வேப்பமரத்தடியில புதுசா ஒரு ஆட்டம் ஆடுச்சுக. வட்டமா நின்னு, நடுவுல ஒருத்தி ஒத்தை வெரலை மேல தூக்கிச் சுத்திக்கிட்டே இருக்கா. மத்ததெல்லாம் அசையாம, வாயைத் தொறந்தபடியே நிக்குதுக. கண்ணு சிமிட்டுனா அவுட்டு. என்ன ஆட்டம்டின்னேன். "பஃபரிங் தாத்தா"ங்குது எம்பேத்தி. எம்புட்டு நேரம் நிக்கணும்னு கேட்டேன். "டீச்சர் ஆப் பண்ற வரைக்கும்." நல்லாத்தான் நடத்தியிருக்க தாயி. பள்ளிக்கூடத்துல படிச்சதை வீட்டுல செஞ்சு பாக்குற பிள்ளைகளை நான் இப்பத்தான் பாக்கேன்.

நோட்டை மூடாத, கடைசியா ஒரு வரி எழுதிக்க. எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துறவர்னு ஒரு கட்டம் போடு. அதுல என் பேரை எழுது. வயசு 76, படிப்பு அஞ்சாப்பு. மே மாசமும் ஊருலதான் கெடப்பேன், எங்க போகப் போறேன். வாரத்துக்கு ரெண்டு குடம் ஊத்திருதேன், சம்பளம் வேணாம். ஆனா எங்க வீட்டுக் குடம் அடியில ஒழுகுது தாயி, பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருறதுக்குள்ள பாதி போயிரும். திட்டத்துல ஒரு புதுக் குடம் சேத்துப் போட்டுரு. பித்தளை வேணாம், பிளாஸ்டிக்கு போதும். பித்தளைன்னா எம்பேத்தி கிராம் கேப்பா.